வழியில் நின்ற வண்டிக்கு யார் வருவார்?

சாலைகளின் கதை – 14

சென்ற பகுதியில் கப்பிக்கல் சாலைகள் தார்ச் சாலைகளாக மாறிய கதையைப் பார்த்தோம். சாலை நன்றாக இருந்தால் வண்டி ஓடும் என்பது பாதிதான் உண்மை. எந்த வண்டியும் ஒருநாள் நடுவழியில் நிற்கும். அப்படி நின்ற வண்டிக்கு உதவி எங்கிருந்து வந்தது, அதை அனுப்பியது யார், அதற்குக் காசு கொடுத்தது யார் என்பதே இந்தப் பகுதி.

ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் வழியாக விருத்தாசலம் போகும் சாலையை எடுத்துக்கொள்வோம். முந்திரியும் பலாவும் கரும்பும் விளைகிற வட்டாரம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு லோடு லாரி இங்கே பட்டை முறிந்து நின்றுவிட்டது என்றால், டிரைவருக்கு இன்று நான்கு வழிகள் உண்டு. வண்டிக் கம்பெனியோ இன்சூரன்ஸோ கொடுத்த இலவச எண்ணுக்குப் பேசலாம். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-க்குப் பேசலாம். ஆண்டிமடத்திலோ ஜெயங்கொண்டத்திலோ தெரிந்த மெக்கானிக் இருந்தால் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பலாம். ஒன்றும் நடக்காவிட்டால் எதிரே வருகிற லாரிக்குக் கை காட்டலாம்.

இந்த நான்கும் நான்கு வெவ்வேறு காலத்தில் வந்தவை. கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதில் பழையது. இன்றைக்கும் ஆண்டிமடம் சாலையில் முதலில் கைகொடுப்பது பெரும்பாலும் அதுதான். ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ள, முதலில் லண்டன் வரை ஒரு நடை போய்வர வேண்டும்.

சல்யூட் வைத்த சைக்கிள்காரர்கள்

1905 ஜூன் 29 அன்று லண்டன் பிக்காடிலியில் இருந்த டிரொகடேரோ உணவகத்தில் கார் வைத்திருந்த சிலர் கூடி ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பழுதான காருக்கு உதவுவது அப்போது அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. போலீசிடமிருந்து தப்புவதுதான் நோக்கம். 1903-இல் வந்த சட்டம் மணிக்கு 20 மைலுக்கு மேல் கார் ஓடக் கூடாது என்றது. போலீசார் வேலி மறைவில் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்து வேகத்தைக் கணக்குப் போட்டு அபராதம் தீட்டினார்கள். சங்கம் சைக்கிளில் ஆட்களை அனுப்பி, எந்த வளைவில் போலீஸ் பதுங்கியிருக்கிறது என்று உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வைத்தது.

1910-இல் நீதிமன்றம் குறுக்கே வந்தது. இப்படி எச்சரிப்பது காவலரின் கடமைக்கு இடையூறு என்று தீர்ப்பு. சங்கத்தார் அசரவில்லை. சங்கத்தின் சின்னம் மாட்டிய காரைக் கண்டால் சைக்கிள்காரர் சல்யூட் வைப்பது வழக்கம். “அவர் சல்யூட் வைக்காவிட்டால் காரை நிறுத்திக் காரணம் கேளுங்கள்” என்று உறுப்பினர்களுக்குச் சொல்லி வைத்தார்கள். சல்யூட் வைக்காமல் போனதற்காக ஒருவர் மீது எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

போலீசைப் பார்க்கப் போன ஆள் நாளெல்லாம் சாலையில்தான் நின்றார். சாலையில் நின்றவர் கண்ணில் பட்டவை பெரும்பாலும் பஞ்சரான கார்களும் கொதித்துப்போன ரேடியேட்டர்களும்தான். சைக்கிள் பையில் கொஞ்சம் கருவிகள் சேர்ந்தன. பிறகு சைக்கிளுக்குப் பதில் பக்கத்தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் வந்தது. 1912 வாக்கில் சாலையோரத்தில் சங்கக் கூண்டுகள் முளைத்தன. அவற்றுக்குத் தொலைபேசியும் வந்தது. கூண்டைத் திறக்க உறுப்பினர்களுக்குச் சாவி கொடுத்தார்கள். சந்தா கட்டாதவரிடம் சாவி இல்லை. உதவி வந்துவிட்டது, ஆனால் பூட்டோடு வந்தது.

அமெரிக்காவிலும் இதே பாதைதான். கார்ச் சங்கங்கள் ஒன்றுகூடி 1902-இல் சிகாகோவில் அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆயின. 1915-இல் மிசௌரி மாநிலத்துச் சங்கம் செயின்ட் லூயிஸ் நகரில் மோட்டார் சைக்கிள்காரர்களை அனுப்பி, நின்றுபோன கார்களைக் கவனிக்க வைத்தது. அடுத்த ஆண்டு டென்னசி மாநிலத்துச் சட்டனூகா ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற பட்டறைக்காரருக்கு ஒரு வேலை வந்தது. தெரிந்தவரின் ஃபோர்டு கார் ஓடையில் கவிழ்ந்து கிடந்தது. கயிறும் கட்டைகளும் அரை டஜன் ஆட்களுமாக அதை மேலே கொண்டுவர ஒரு பொழுதே ஆகிவிட்டது. இத்தனை பேரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டுமா என்று யோசித்த ஹோம்ஸ், 1913-ஆம் வருடத்துக் கடிலாக் கார் ஒன்றின் சட்டத்தில் மூன்று கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பொருத்தினார். இன்று மணகெதி சுங்கச்சாவடி ஓரமாக நிற்கிற மீட்பு வண்டிக்கும் அதுதான் மூதாதை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்வோம். இரண்டு நாடுகளிலும் உதவியைக் கேட்டவர்களும் அதற்குக் காசு கொடுத்தவர்களும் கார் வைத்திருந்த தனி ஆட்கள். அங்கே சாலையை நிறைத்தவை கார்கள். நம் ஊரில் கதை அப்படிப் போகவில்லை.

மதராஸ் துரைமாரும் ஸ்டெப்னியும்

1901-இல் பாரி கம்பெனி இயக்குநர் ஏ.ஜே. யார்க் அடையாற்றிலிருந்து அலுவலகத்துக்குக் காரில் போய்வந்ததை மதராஸ் வேடிக்கை பார்த்தது. நகரில் பதிவான முதல் காரின் எண் எம்.சி. 1. அது துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார். துரைமாரைப் பார்த்து ஜமீன்தார்களும் பெரிய வக்கீல்களும் வாங்கினார்கள். கார்க்காரர்கள் சங்கமும் வைத்தார்கள். கல்கத்தாவில் 1904, பம்பாயில் 1919, மதராஸில் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம். பாதை வரைபடம், வெளிநாட்டில் ஓட்ட அனுமதிச் சீட்டு, நகரத்துக்குள் பழுது பார்க்கும் வேன் என்று இந்தச் சங்கங்கள் செய்த வேலை குறைவில்லை. ஆனால் அவற்றின் கை நகரத்தைத் தாண்டி நீளவில்லை. உடையார்பாளையம் தாலுகாவின் மண் சாலையில் ஒரு கார் நின்றால் மதராஸிலிருந்து யார் வரப்போகிறார்கள்?

அதனால் கார்க்காரர் உதவியைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினார். டிரைவர், அவருக்குக் கையாள் ஒரு கிளீனர், பெட்ரோல் தகரங்கள், தண்ணீர், கருவிப் பெட்டி, அதோடு ஸ்டெப்னி. அந்தக் காலத்துக் காரில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சரானால் டயரைச் சக்கரத்திலேயே பிரித்து ஒட்டிக் காற்றடிக்க வேண்டும். 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள், காற்றடைத்த டயர் மாட்டிய ஒரு வெறும் வளையத்தைச் செய்தார்கள். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் இதைக் கவ்விப் பிடிக்க வைத்து வீடு போய்ச் சேரலாம். கடை இருந்த தெருவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறகு முழு மாற்றுச் சக்கரம் வந்து அந்த வளையம் மறைந்தது. அதன் பெயர் மட்டும் நம் லாரிகளின் அடியில் இன்றும் தொங்குகிறது.

பஸ் முதலாளியின் பட்டறை

தமிழ்நாட்டில் சாலையை நிறைத்த முதல் மோட்டார் வண்டி பஸ். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912 வாக்கில் பஸ் ஓட்டத் தொடங்கினார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்தார். கார் நின்றால் அதன் சொந்தக்காரருக்கு ஒருநாள் வீண். பஸ் நின்றால் முதலாளிக்கு அன்றைய வசூல் போயிற்று, மறுநாள் முதல் சனமும் போயிற்று. பழுது என்பது பஸ் முதலாளிக்குக் கணக்குப் புத்தகத்தில் விழுகிற ஓட்டை. அதனால் நின்ற பிறகு உதவி அனுப்புவதைவிட, நிற்காமல் பார்த்துக்கொள்வதில்தான் அவர்கள் மூளையைச் செலவழித்தார்கள்.

டி.வி.எஸ். வரலாறு சொல்கிற எவரும் காந்த வண்டியைச் சொல்லாமல் விடுவதில்லை. அன்றைய சாலை மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் சொந்தம். மாட்டின் லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். பஸ் டயருக்கு அவைதான் எமன். சுந்தரம் ஐயங்கார் காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைத்தார். சாலை சர்க்காருடையது, ஆணி மாட்டுக்காரருடையது, டயர் மட்டும்தான் இவருடையது. இருந்தும் துப்புரவுச் செலவை இவர் ஏற்றுக்கொண்டார். பின்னால் வந்த மற்ற வண்டிகளுக்கும் அந்தச் சுத்தமான சாலை இலவசமாகக் கிடைத்தது. இங்கிலாந்துக் கூண்டுக்கு இருந்த பூட்டு இதற்கு இல்லை.

இரண்டாம் உலகப் போர் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பஸ் முதலாளிகளின் கைத்திறன் இன்னொரு சோதனைக்கு ஆளானது. பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து அதில் வருகிற வாயுவால் எஞ்சினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். அதற்கான கேஸ் பிளாண்டைத் தானே செய்து விற்றது. கரி பஸ்ஸை அறிந்த தலைமுறை அதை மறந்ததில்லை. பஸ்ஸின் பின்பக்கம் உயரமான ஒரு இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரி. விடியற்காலையில் கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் துருத்தியைப் போல ஊதுவார். கரி கனன்று வாயு சேர்ந்து எஞ்சின் உயிர் பெறுவதற்குள் அவர் சட்டை நனைந்து முகம் கறுத்துவிடும். அப்படியும் அந்த வாயுவுக்குப் பெட்ரோலின் பலம் கிடையாது. சின்ன மேடு வந்தாலும் பஸ் மூச்சு வாங்கும். கண்டக்டர் “எல்லாரும் இறங்குங்க” என்பார். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவார்கள். டிக்கெட் வாங்கியவரே மீட்புப் பணியாளர். இதை யாரும் குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை. போர்க்கால பஸ் பயணத்தின் விலையில் தள்ளுவதும் சேர்த்தி.

கிளீனரும் வேப்பங்கொத்தும்

சுதந்திரத்துக்குப் பிறகு சாலையில் லாரி பெருகியது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் நாடெங்கும் போயின. ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டத்துக்குள்ளேயே 1939 முதல் டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை இருந்தது. 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலையும் அதன் பிறகு தனியார் ஆலைகளும் வந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு இரவும் பகலும் ஒன்றாயின.

இந்த லாரிகளுக்கு உதவி எண் என்று எதுவும் இல்லை. கையோடு இருந்தது கிளீனர் பையன்தான். ஜாக்கி வைப்பது, வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று நட்டை நெகிழ்த்துவது, டீசலில் காற்றுப் பிடித்துவிட்டால் கைப்பம்பை அடித்து ஏர் லாக் எடுப்பது எல்லாம் அவன் வேலை. டிரைவர்கள் அனைவருக்கும் தெரிந்த கைவைத்தியங்கள் இருந்தன. டீசல் டேங்கில் கசிவென்றால் பார் சோப்பைப் பிசைந்து அப்புவார்கள். ரேடியேட்டரில் பொடி ஓட்டை என்றால் மஞ்சள் தூளைக் கொட்டுவார்கள். முறிந்த பட்டையைப் பழைய டியூப்பைக் கிழித்து வரிந்து கட்டி, பக்கத்து ஊர்ப் பட்டறை வரை மெல்ல உருட்டுவார்கள். எதுவும் நிரந்தரம் இல்லை. அடுத்த ஊர் வரை போனால் போதும் என்ற கணக்கு.

வண்டி அசையவே மறுத்தால் முதல் வேலை பின்னால் வருகிறவனுக்குச் சொல்வது. கிளீனர் பக்கத்து மரத்தில் ஒரு கொத்தை ஒடித்து வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் தள்ளிப் போடுவான். வேம்பு இருந்தால் வேம்பு, ஆண்டிமடம் பக்கம் என்றால் முந்திரிக் கிளை. அதைச் சுற்றிக் கல்லும் அடுக்குவான். எதிரொளிக்கும் சிவப்பு முக்கோணம் விதிப் புத்தகத்தில் வருவதற்கு முன்பிருந்தே இந்தப் பச்சைக் கிளைதான் நம் சாலையின் அபாய அறிவிப்பு. இதில் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. வண்டி சரியானதும் கிளையையும் கல்லையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இருட்டில் வருகிற பைக்காரர் அந்தக் கல்லில் மோதி விழுவார். ஒருவரின் எச்சரிக்கை இன்னொருவரின் விபத்தாவது இப்படித்தான்.

இழுத்துப் போவதற்கும் ஒரு முறை இருந்தது. எதிரே வரும் லாரிக்காரர் சங்கிலியைக் கொடுப்பார். நின்ற வண்டியில் நல்ல கைதேர்ந்த டிரைவர்தான் உட்கார வேண்டும். எஞ்சின் ஓடாத வண்டிக்கு ஏர் பிரேக்கில் காற்று ஏறாது, ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். 1989-இல் வந்த சாலை ஒழுங்குமுறைகள் இந்த வழக்கத்துக்கு அளவு வைத்தன. இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இழுபடும் வண்டியின் பின்னால் 75 மில்லிமீட்டர் உயர எழுத்தில் அறிவிப்பு இருக்க வேண்டும் என்றன. சாலையில் இதைப் படித்தவர் குறைவு. ஆனால் சங்கிலி கொடுக்க மறுத்தவரும் குறைவுதான். இன்று நான் உனக்கு, நாளை யாரோ எனக்கு என்ற நம்பிக்கைதான் இதன் சந்தா.

டெப்போ வேன்

1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அரசுடைமை ஆனதும் பழுது பார்ப்பது அரசுத் துறையின் வேலை ஆயிற்று. ஒவ்வொரு டெப்போவுக்கும் பட்டறை, மெக்கானிக்குகள், பிரேக்டவுன் வேன்.

செல்போன் இல்லாத நாளில் செய்தி போன விதம் சுவையானது. நின்ற பஸ்ஸின் கண்டக்டர் முதலில் பயணிகளைப் பின்னால் வரும் கழக பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அதே டிக்கெட் செல்லும். ஏற்றிவிடும்போதே அந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் இன்ன இடத்தில், இன்ன கோளாறு என்று சொல்லி அனுப்புவார். அவர் டெப்போவில் சொல்வார். டெப்போ வேன் கிளம்பும். வேன் வரும் வரை டிரைவரும் கண்டக்டரும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டில் தகவல் பஸ்ஸின் வேகத்தில்தான் போகும். ஆனால் போகாமல் இருக்காது.

டெப்போ வேன் கழக பஸ்ஸுக்கு மட்டும்தான். பக்கத்தில் ஒரு டிராக்டர் அச்சு முறிந்து கிடந்தால் அதற்கு அந்த வேன் நிற்கக் கடமை இல்லை. நின்று ஒரு ஸ்பேனர் கொடுத்தால் அது மெக்கானிக்கின் தனிப்பட்ட பெருந்தன்மை.

தண்ணீர்த் தொட்டியும் சொல்யூஷனும்

எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்த உதவி என்றால் பஞ்சர் கடைதான். கம்பத்தில் ஒரு பழைய டயர் தொங்கும், இரவில் அதற்குள் ஒரு பல்ப் எரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளும் விளம்பரம் அது. தென்னிந்திய நெடுஞ்சாலைகளில் இந்தத் தொழிலைப் பரப்பியதில் கேரளத்திலிருந்து வந்தவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஓலைக் கொட்டகை, ஒரு கம்பிரசர், கடைக்குப் பின்னாலேயே கயிற்றுக் கட்டில். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாரன் அடித்தாலும் எழுந்து வருவார்கள்.

வேலை நடக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு லிவரைக் கொடுத்து டயரை ரிம்மிலிருந்து நெம்பி, டியூப்பை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முழத்துக்கு முழம் அமுக்குவார். குமிழி வந்த இடத்தில் ஒரு குச்சியால் அடையாளம். துடைத்துக் காயவைத்து, அரத்தால் அந்த இடத்தைச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, ஊதி உலர்த்தி, ஒட்டுப் போட்டுத் தட்டுவார். பிறகு டயருக்குள் கையை விட்டு உள்பக்கம் முழுவதும் மெதுவாகத் தடவிப் பார்ப்பார். ஆணியை எடுக்காமல் டியூப்பைப் போட்டால் அடுத்த மைலில் திரும்பவும் பஞ்சர் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். டியூப்லெஸ் டயர் வந்த பிறகு இத்தனை வேலை இல்லை. ஆணியைப் பிடுங்கி, துளையில் ஒட்டுத் திரியைச் செருகி, மிச்சத்தை வெட்டிவிட்டால் ஆயிற்று. தொட்டி இன்னும் இருக்கிறது, பைக் டியூப்களுக்காக.

பைக்கைச் சொன்னதும் ஆண்டிமடம் பக்கத்துச் சாலைகளில் தினமும் காணும் காட்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் தீர்ந்து ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவர் முன்பின் தெரியாதவர். “ஏறி உக்காருங்கண்ணே, நியூட்ரல்ல போடுங்க” என்பார். தன் வண்டியை ஓட்டியபடியே இடது காலை நீட்டி, அந்த வண்டியின் ஃபுட்ரெஸ்டில் கொடுத்து, பங்க் வரை தள்ளிக்கொண்டே போவார். பங்க் வந்ததும் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஆபத்தான வழக்கம், சந்தேகமே இல்லை. காசு கை மாறாத சாலை உதவியில் இதைவிடப் பரவலானது வேறு எதுவும் இல்லை.

சுங்கச்சாவடிக்குப் பின்

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 கைமாறியதும், தொண்ணூறுகளில் பொருளாதாரம் திறந்ததும், கார் நடுத்தரக் குடும்பத்து வாசலுக்கு வந்தது. இந்தக் காரில் கிளீனர் இல்லை, பெரும்பாலும் டிரைவரும் இல்லை. ஓட்டுகிறவருக்கு ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தாலே அதிகம். லண்டனில் 1905-இல் இருந்த நிலைக்கு நாம் வந்து சேர்ந்தது அப்போதுதான். கார் கம்பெனிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சாலையோர உதவியைச் சந்தாவுக்கு விற்கத் தொடங்கின. பேட்டரி இறங்கினால் உயிர் கொடுப்பது, ஸ்டெப்னி மாற்றித் தருவது, சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் திறப்பது, சில லிட்டர் பெட்ரோல் கொண்டுவருவது, இன்ன தூரம் வரை இலவசமாக இழுத்துப் போவது என்று பட்டியல் போட்ட சேவை. ஒரு காலத்தில் ஆணி பொறுக்கிய டி.வி.எஸ். குழுமமும் இந்தத் தொழிலில் உண்டு.

இன்னொரு பக்கம் நான்குவழிச் சாலைகள் வந்தன. சென்னை–திருச்சி சாலையில் திருமாந்துறை, சமயபுரம், திருச்சி–சிதம்பரம் சாலையில் மணகெதி என்று சுங்கச்சாவடிகள் எழுந்தன. சாலையை எடுத்து நடத்தும் நிறுவனம் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் மூன்றையும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 2018-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1033 என்ற எண் வந்தது. கூப்பிட்டால் ரோந்து வண்டி வந்து, நின்ற வண்டியைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடத்துக்கு நகர்த்த வேண்டும். உயிர்க்காப்பில் இதற்குப் பத்து ஆண்டு முன்பே, 2008 செப்டம்பரில், தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குச் சாலை வேறுபாடு கிடையாது. முந்திரிக் காட்டு வண்டிப்பாதைக்கும் வரும்.

1033 அப்படி வராது. ஆண்டிமடத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் பெரும்பாலானவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருப்பவை. சுங்கம் இல்லை, அதனால் ஒப்பந்தமும் இல்லை, கிரேனும் இல்லை. மீன்சுருட்டிக்குப் போய்ப் பெரிய சாலையில் ஏறினால் கிடைக்கிற உதவி, ஆண்டிமடத்தில் நின்றால் கிடைக்காது. சந்தா கட்டிய கார்க்காரருக்கும் இங்கே பொறுமை தேவை. கம்பெனியின் மீட்பு வண்டி தொலைவிலுள்ள பெரிய ஊரிலிருந்து வர வேண்டும்.

இதற்கு நடுவே பழைய உதவிகள் மெலிந்துகொண்டே வருகின்றன. முதல் காரணம் எஞ்சின். 2020 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகள் பி.எஸ். 6 தரத்தில் இருந்தாக வேண்டும். புதிய லாரியில் புகையைச் சுத்தம் செய்ய டிரைவர்கள் ‘யூரியா’ என்று சொல்லும் திரவத்துக்குத் தனி டேங்க் உண்டு. அது தீர்ந்தால், டீசல் நிறைய இருந்தாலும் எஞ்சின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சென்சார் ஒன்று கோளாறானால் போர்டில் விளக்கு எரியும். அதற்குச் சோப்பும் உதவாது, மஞ்சளும் உதவாது. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் வேண்டும். கை ராசிக்காரர் என்று பெயர் எடுத்த பழைய மிஸ்திரி போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “கம்பெனிக்குத்தான் கொண்டு போவணும்” என்று மூடிவிடுகிறார்.

இரண்டாவது காரணம் பயம். ராத்திரியில் வண்டி நின்றதுபோல் நடித்து வழிப்பறி செய்த செய்திகளைப் படித்தவர்கள் கை காட்டினால் நிறுத்துவதில்லை. விபத்து என்றால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமே என்ற அச்சமும் உண்டு. உதவுகிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134-ஏ பிரிவாக அது ஏறியது. சட்டம் வந்த அளவுக்கு நம்பிக்கை இன்னும் வரவில்லை.

காசு போன வழியில் உதவி

இதுவரை வந்த கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. சங்கத்துக்குச் சந்தா கட்டியவருக்குச் சங்கக் கூண்டு திறந்தது. பஸ் முதலாளி செலவழித்தபோது பஸ் நிற்காமல் ஓடியது. அரசு செலவழித்தபோது டெப்போ வேன் அரசு பஸ்ஸைத் தேடி வந்தது. சுங்கம் வசூலான சாலைக்குக் கிரேன் வந்தது. உதவி எப்போதும் காசு போன வழியிலேயே திரும்பி வந்திருக்கிறது. காசு போகாத சாலையில் மனிதர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள்: சங்கிலி கொடுத்த லாரிக்காரர், காலை நீட்டிய பைக்காரர், நள்ளிரவில் எழுந்து வந்த பஞ்சர் கடைக்காரர்.

இவர்களின் நல்ல மனத்தைப் பாராட்டுவது எளிது. அந்த நல்ல மனத்தை நம்பியே மாநிலச் சாலைகளை விட்டுவைப்பது நியாயமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சுங்கம் கட்டாவிட்டாலும் இந்தச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் சாலை வரி கட்டியிருக்கிறது. ஒவ்வொரு லிட்டர் டீசலிலும் வரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. 108-ஐ எல்லாச் சாலைக்கும் பொதுவாக ஓட்டிக் காட்டிய மாநிலத்துக்கு, தாலுகாவுக்கு ஒரு மீட்பு வண்டி என்பது எட்டாத கனவல்ல. ஊர் மெக்கானிக்குகளையும் பஞ்சர் கடைக்காரர்களையும் பதிவு செய்து, புதிய எஞ்சின்களில் பயிற்சி கொடுத்து, ஒரே எண்ணின் கீழ் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. அவர்கள் ஏற்கெனவே சாலையோரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஸ்கேனரும் நியாயமான கூலியும்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

அடுத்த பகுதியில்: சாலையோரப் புளிய மரங்களை நட்டது யார், பழத்தை ஏலம் எடுத்தது யார், நான்குவழிச் சாலைக்காக அவற்றை வெட்டியபோது கணக்கு யாரிடம் போனது?